போனைப் பிடுங்கியாச்சு, அப்புறம் ஏன் பவர் ஏறுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



போன மாசம் ஒரு சனிக்கிழமை காலையில அக்காகிட்ட இருந்து போன். எடுத்ததும், "டேய், பாப்பாவுக்குப் பவர் ஏறிடுச்சுடா. போன வருஷம் மைனஸ் 1.25. இப்ப மைனஸ் 2. நான்தான் போனையே தர்றதில்லையே, அப்புறம் எப்படிடா ஏறும்?"னு கேட்டாங்க. அந்தக் குரல்ல கோபத்தைவிடக் குற்ற உணர்ச்சிதான் அதிகமா இருந்தது.

பாப்பாவுக்கு வயசு 8. போன வருஷம் ஸ்கூல்ல கண் செக்கப் பண்ணி, கண்ணாடி போடணும்னு சொன்னப்ப, குடும்பமே கூடி ஒரே நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிடுச்சு: "எல்லாம் இந்தப் போனால வந்தது." அன்னைக்கே டேப் பீரோவுக்குள்ள போச்சு. கார்ட்டூன் ஞாயித்துக்கிழமை மட்டும்தான். அக்கா அந்த விஷயத்துல ரொம்பக் கறார். ஒரு வருஷமா அந்த வீட்டுல சாப்பாட்டு நேரத்துல ஸ்கிரீன் கிடையாது. இது சின்ன சாதனை இல்லை, வீட்டுல குழந்தை இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

ஆனா அந்தப் போன் நேரம் எங்க போச்சு? வாரத்துல ரெண்டு நாள் அபாகஸ். ரெண்டு நாள் இந்தி. மிச்ச நாள்ல ஹோம்வொர்க், டிராயிங், கதைப் புத்தகம். எல்லாமே நல்ல விஷயங்கள்தான். எல்லாமே நாலு சுவத்துக்குள்ளயும்தான்.

நான் அக்காகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: "பாப்பா ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெளியில இருப்பா? வானத்துக்குக் கீழ?" கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். வீட்டு வாசல்ல வேன், ஸ்கூல் வாசல்ல இறக்கம். லன்ச் கிளாஸ்ரூம்லயே. பி.டி. பீரியட் வாரத்துக்கு ரெண்டு, அதுல ஒண்ணை மேத்ஸ் மிஸ் கடன் வாங்கிப்பாங்க. சாயந்திரம் அபார்ட்மென்ட் கீழ பந்து விளையாடக் கூடாதுன்னு போர்டு. கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, ஒரு நாளைக்கு 20 நிமிஷம் தேறும்.

இன்னைக்கு எபிசோடு அந்த 20 நிமிஷத்தைப் பத்தித்தான். ஸ்கிரீன் டைம் பத்தி நாம நிறையப் பேசுறோம். தூக்கம், பேச்சு, உடம்பு எடைன்னு அதுக்குப் பல பக்கம் இருக்கு. நான் இன்னைக்குக் கண்ணை மட்டும் எடுத்துக்கிறேன். ஏன்னா கண் விஷயத்துல மட்டும், "போனைக் குறை"ங்கிறது பாதி பதில்தான்னு ஆராய்ச்சிகள் ரொம்பத் தெளிவாவே சொல்லுது.

கண்ணுக்குள்ள என்ன நடக்குது?

கிட்டப்பார்வைன்னா பக்கத்துல இருக்கிறது தெரியும், தூரத்துல இருக்கிறது மங்கலாத் தெரியும். பல பேர் இதைக் கண்ணோட "பலவீனம்"னு நினைக்கிறாங்க. உண்மையில இது நீளப் பிரச்சனை.

பிறந்த குழந்தையோட கண்கோளம் முன்னாடி இருந்து பின்னாடி வரை சுமார் 17 மில்லிமீட்டர் இருக்கும். பெரியவங்களுக்குச் சுமார் 24 மில்லிமீட்டர். உடம்பு வளர்ற மாதிரி கண்ணும் வளரும். சரியான இடத்துல அந்த வளர்ச்சி நின்னா, வெளியில இருந்து வர்ற ஒளி கச்சிதமா விழித்திரை மேல போய் விழும். நிக்காம இன்னும் நீண்டுச்சுன்னா, ஒளி விழித்திரைக்கு முன்னாடியே குவிஞ்சிடும். தூரத்துக் காட்சி மங்கிடும். 1 மில்லிமீட்டர் கூடுதலா நீண்டாலே மைனஸ் 2.5, 3 பவர் வந்திடும்.

"சரி, கண்ணாடி போட்டா தெரியுதே, அப்புறம் என்ன?" நியாயமான கேள்வி. கண்ணாடி காட்சியைச் சரி பண்ணும், ஆனா நீண்ட கண்ணைச் சுருக்காது. லேசர் ஆபரேஷனும் சுருக்காது, அது கண்ணோட முன்பக்கத்தை மட்டும்தான் செதுக்குது. கண் நீள நீள உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிஞ்சிடுது. மைனஸ் 6-ஐத் தாண்டினவங்களுக்குப் பிற்காலத்துல விழித்திரை விலகல், கண் அழுத்த நோய், விழித்திரையோட மையப்பகுதி கெட்டுப்போறது, இதுக்கெல்லாம் மத்தவங்களைவிட ஆபத்து அதிகம்.

அதனால டாக்டர்கள் பயப்படுறது பாப்பாவோட மைனஸ் 2-க்காக இல்லை. 8 வயசுலயே மைனஸ் 2 வந்ததுக்காக. கண் வளர்றதுக்கு இன்னும் எட்டு, பத்து வருஷம் இருக்கு. சீக்கிரம் ஆரம்பிச்சா, அதிக தூரம் போகும்.

இது ஒரு வீட்டுப் பிரச்சனையும் இல்லை. 2010-ல தென்கொரியாவுல சியோல் நகரத்து 19 வயசு இளைஞர்களைப் பரிசோதிச்சப்ப, 96.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. நூத்துக்கு மூணு, நாலு பேர்தான் தப்பிச்சாங்க. 2050-ல உலக மக்கள்தொகையில பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும்னு 2016-ல வெளியான ஒரு ஆய்வு கணிச்சது.

போன் வர்றதுக்கு முன்னாடியே வந்த கண்ணாடி

இந்த இடத்துல என் கதையையும் சொல்லிடணும். எனக்கு மைனஸ் 5. கண்ணாடி போட்டது ஆறாம் வகுப்புல. எங்க வீட்டுல அப்ப ஸ்மார்ட்போனே கிடையாது. அம்மா டிவியைத் திட்டினாங்க. பாட்டி, கீரை சாப்பிடாததுதான் காரணம்னு சொன்னாங்க. நான் அப்ப என்ன பண்ணிட்டிருந்தேன்? காலையில ஒரு டியூஷன், சாயந்திரம் ஒரு டியூஷன்.

இதைவிடப் பழைய சாட்சி ஒண்ணு இருக்கு. 1969-ல அலாஸ்காவோட வடகோடியில, பேரோங்கிற ஊர்ல, அங்க வாழ்ற பழங்குடிக் குடும்பங்களோட கண்களைப் பரிசோதிச்சாங்க. தாத்தா பாட்டி தலைமுறையில கிட்டப்பார்வை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பேரப்பிள்ளைகள்ல பாதிக்கும் மேல இருந்தது. ரெண்டு தலைமுறைக்குள்ள மரபணு இவ்வளவு மாறாது. மாறினது வாழ்க்கை. தாத்தா தலைமுறை வெளியில வேட்டை, மீன்பிடின்னு வாழ்ந்தது. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பிச்சாங்க. 1969-ல அலாஸ்காவுல யார் கையிலயும் போன் இல்லை.

அப்பா அம்மாவுக்குக் கண்ணாடி இருந்தா பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம், அது உண்மைதான். ஆனா மரபு மட்டும் இல்லை, வளர்ற சூழலும் சேர்ந்துதான் முடிவு பண்ணுதுன்னு இது காட்டுச்சு. சூழல்ல எது? படிப்பா? இல்லை வேற ஏதாவதா? அந்தக் கேள்விக்கு ஒரு முக்கியமான பதில் கிடைக்க இன்னும் 40 வருஷம் ஆச்சு.

சிட்னியும் சிங்கப்பூரும்

2008-ல ஒரு ஆய்வு வெளியாச்சு. சீன வம்சாவளியைச் சேர்ந்த 6, 7 வயசுக் குழந்தைகளை ரெண்டு ஊர்ல எடுத்து ஒப்பிட்டாங்க. ஒண்ணு சிங்கப்பூர், இன்னொண்ணு ஆஸ்திரேலியாவோட சிட்னி. ஒரே வம்சாவளி, பெற்றோருக்குக் கண்ணாடி இருக்கிறதும் ரெண்டு ஊர்லயும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

சிங்கப்பூர்க் குழந்தைகள்ல 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில 3.3 சதவீதம். ஒன்பது மடங்கு வித்தியாசம்.

உடனே நமக்கு என்ன தோணும்? சிங்கப்பூர்ல படிப்பு அதிகம், சிட்னியில பிள்ளைங்க சும்மா சுத்துவாங்கன்னு. ஆனா கணக்கெடுத்துப் பார்த்தா, வாரத்துக்குப் படிச்ச புத்தகங்கள் சிட்னிக் குழந்தைகளுக்குத்தான் அதிகம். பக்கத்துல வெச்சுப் பார்க்கிற வேலையும் அவங்களுக்குத்தான் அதிகம். பெருசா வித்தியாசப்பட்டது ஒரு விஷயத்துல. சிட்னிக் குழந்தைகள் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வெளியில இருந்தாங்க. சிங்கப்பூர்ல 3.05 மணி நேரம்.

பாப்பாவோட 20 நிமிஷத்தை ஏழால பெருக்கிப் பாருங்க. வாரத்துக்கு ரெண்டே கால் மணி நேரம் சொச்சம். சிங்கப்பூரைவிடக் குறைவு.

வெளியில அப்படி என்னதான் இருக்கு?

முதல்ல விளையாட்டுதான் காரணமா இருக்கும்னு நினைச்சாங்க. ஓடுறது, குதிக்கிறது. ஆனா உள்ளரங்கத்துல விளையாடுற குழந்தைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கலை. வெளியில சும்மா உட்கார்ந்திருந்தாலும் பலன் தெரிஞ்சது. அப்பதான் எல்லாரோட கவனமும் வெளிச்சத்து மேல திரும்புச்சு.

வெளிச்சத்தை அளக்க லக்ஸ்னு ஒரு அலகு இருக்கு. நம்ம வீட்டு ஹால்ல டியூப்லைட் போட்டா 100-ல இருந்து 300 லக்ஸ். நல்லா விளக்கு போட்ட கிளாஸ்ரூம்ல 500 லக்ஸ். வெளியில மேகமூட்டமான நாள்லயே பல ஆயிரம் லக்ஸ். நல்ல வெயில்ல 1 லட்சம் லக்ஸ் வரைக்கும் போகும். அதாவது வீட்டுக்குள்ள எவ்வளவு விளக்கு போட்டாலும் ஒரு மரத்தடி நிழலுக்குப் பக்கத்துல கூட வர முடியாது.

நமக்கு அது தெரியறதில்லை. ஏன்னா கண் உடனே பழகிக்கும். வெளியில இருந்து உள்ள வந்ததும் இருட்டா இருக்கும், ஒரு நிமிஷத்துல சரியாயிடும். மூளைக்குத்தான் சரியாச்சு, விழித்திரைக்கு வந்து சேர்ற வெளிச்சம் குறைவாதான் இருக்கு.

அந்த வெளிச்சம் என்ன பண்ணுது? கோழிக் குஞ்சுகளை வெச்சுப் பண்ணின சோதனைகள்ல இதுக்கு ஒரு விளக்கம் கிடைச்சது. பிரகாசமான ஒளி பட்டா விழித்திரையில டோபமின்ங்கிற வேதிப்பொருள் அதிகமாச் சுரக்குது. ரீல்ஸ் பார்க்கிறப்ப மூளையில வர்றதாச் சொல்வாங்களே, அதே டோபமின்தான். ஆனா இது கண்ணுக்குள்ளயே சுரக்கிறது, வேலையும் வேற. கண்கோளம் அளவுக்கு மேல நீளாம இது தடுக்குதுன்னு தெரிஞ்சது. டோபமினோட வேலையை மருந்து போட்டு நிறுத்தினப்ப, குஞ்சுகளுக்கு வெளிச்சத்தால கிடைச்ச பாதுகாப்பும் போயிடுச்சு. மனுஷக் கண்ணுலயும் இதுதான் முக்கியமான வழியா இருக்கும்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுறாங்க. வெளியில தூரப் பார்வை அதிகம்ங்கிறதும் கூடச் சேர்ந்து உதவலாம்.

அப்ப போன் மேல தப்பே இல்லையா?

இருக்கு. இந்த எபிசோடைக் கேட்டுட்டு, "போன் பார்த்தா ஒண்ணும் ஆகாதாம், மாமா சொல்லிட்டார்"னு யாரும் வீட்டுல போய்ச் சொல்லிடாதீங்க.

2025-ல வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 45 ஆய்வுகளை, 3 லட்சத்து 35 ஆயிரம் பேரோட தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. தினமும் ஸ்கிரீன் நேரம் 1 மணி நேரம் கூடக் கூட, கிட்டப்பார்வைக்கான வாய்ப்பு சராசரியா 21 சதவீதம் கூடினதா அதுல தெரிஞ்சது. போன் ரெண்டு வழியில கெடுக்குது. ஒண்ணு, டிவியை மாதிரி இல்லாம, முகத்துக்கு ஒரு ஜாண் தூரத்துல, இமைக்காம, மணிக்கணக்கா பார்க்க வைக்குது. ரெண்டாவது, அந்த நேரம் முழுக்கப் பிள்ளையை வீட்டுக்குள்ளயே உட்கார வைக்குது.

இந்த ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்னு கொரோனா காட்டுச்சு. சீனாவுல ஷாண்டோங் மாகாணத்துல ஃபெய்ச்செங்னு ஒரு ஊர். அங்க ஒவ்வொரு வருஷமும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை நடக்கும். 2015-ல இருந்து 2019 வரைக்கும் 6 வயசுக் குழந்தைகள்ல அதிகபட்சமா 5.7 சதவீதம் பேருக்குத்தான் கிட்டப்பார்வை. 2020-ல சில மாசம் வீட்டுக்குள்ளயே ஆன்லைன் கிளாஸ். பள்ளி திறந்ததும் பரிசோதிச்சா, 21.5 சதவீதம். பெரிய பிள்ளைகள்ல இவ்வளவு மாற்றம் இல்லை. சின்ன வயசுக் கண்தான் சூழலுக்கு ரொம்பச் சீக்கிரம் வளைஞ்சு கொடுக்குது.

ஆனா அந்தப் பிள்ளைகள் இழந்தது வெளிச்சத்தையும்தான். கண்ணைப் பொறுத்தவரை, ஒரு ஜாண் தூரத்துல போன் பார்த்தாலும், அதே தூரத்துல அபாகஸ் புத்தகம் பார்த்தாலும், ரெண்டும் பக்கத்துப் பார்வைதான். ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணைக் கொடுத்தா, நமக்கு மனசாட்சி நிம்மதியா இருக்கும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அக்கா வீட்டுல நடந்தது இதுதான்னு எனக்குத் தோணுது.

பெல் அடிச்சா வெளிய போ

இப்ப நல்ல சேதிக்கு வருவோம். இதுக்கான மருந்து இலவசம், அதைச் சோதிச்சும் பார்த்திருக்காங்க.

தெற்குத் தைவான்ல பக்கத்துப் பக்கத்துல இருந்த ரெண்டு ஆரம்பப் பள்ளிகள். ஒரு பள்ளியில ஒரே ஒரு விதியைக் கொண்டு வந்தாங்க: இடைவேளை பெல் அடிச்சதும் யாரும் கிளாஸ்ரூம்ல இருக்கக் கூடாது. எல்லாரும் வெளிய. இடைவேளைகளைக் கூட்டினா ஒரு நாளைக்கு 80 நிமிஷம். இன்னொரு பள்ளி எப்பவும் போல. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, எப்பவும் போல இருந்த பள்ளியில புதுசா கிட்டப்பார்வை வந்தவங்க 17.65 சதவீதம். வெளிய அனுப்பின பள்ளியில 8.41 சதவீதம். பாதிக்கும் கீழ.

தைவான் அரசு 2010-ல இதை நாடு முழுக்க எடுத்துக்கிச்சு. தினமும் 120 நிமிஷம் வெளியிலங்கிறது இலக்கு. அதுக்கு முந்தைய பத்து வருஷமா பார்வைக் குறைவு ஏறிக்கிட்டே இருந்தது. 2001-ல ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள்ல 34.8 சதவீதம், 2011-ல 50 சதவீதம். திட்டத்துக்கு அப்புறம் அது மெல்ல இறங்க ஆரம்பிச்சது. 2012-ல 49.4, 2015-ல 46.1. பெரிய இறக்கம் இல்லைதான். ஆனா வருஷா வருஷம் ஏறிக்கிட்டே இருந்த ஒரு கோடு திரும்பிக் கீழ வந்தது.

சீனாவோட குவாங்சோ நகரத்துல 12 பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகள்ல முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிஷம் கூடுதல் வெளி வகுப்பு கொடுத்தாங்க. மூணு வருஷம் கழிச்சு, கூடுதல் வகுப்பு இல்லாத பள்ளிகள்ல 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளி வகுப்பு இருந்த பள்ளிகள்ல 30.4 சதவீதம். 40 நிமிஷம்னா நம்ம ஊர்ல ஒரு பீரியட். மேத்ஸ் மிஸ் கடன் வாங்குறாங்களே, அதே ஒரு பீரியட்.

நம்ம ஊர்ல 4 மணிக்கும் 6 மணிக்கும் நடுவுல

சரி, இதைச் சென்னையில, கோவையில, மதுரையில எப்படிச் செய்யறது? நம்மகிட்ட வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் நேரத்துக்கும் இடத்துக்கும்தான்.

நேரத்தைப் பாருங்க. ஸ்கூல் விட்டுப் பிள்ளை வீட்டுக்கு வர 4 மணி. கார்த்திகை மாசத்துல சென்னையில பொழுது சாயறது 5.40-க்கு. அதாவது வெளிச்சம் இருக்கிறது ஒன்றரை மணி நேரம். சரியா அந்த நேரத்துலதான் நாம டியூஷன் வைக்கிறோம். 6.30-க்கு டியூஷன் முடிஞ்சு, "போய் அரை மணி நேரம் விளையாடு"ன்னு அனுப்பறோம். பிள்ளை ஓடும், வேர்க்கும், உடம்புக்கு நல்லதுதான். ஆனா கண்ணுக்கு வேண்டிய வெளிச்சம் அதுக்குள்ள போயாச்சு. முடிஞ்சா இந்த ரெண்டையும் இடம் மாத்துங்க. வெளிச்சம் இருக்கும்போது வெளிய, இருட்டினதும் படிப்பு. நம்ம தாத்தா பாட்டி வீட்டுல விளக்கு வெச்ச அப்புறம் பிள்ளைகளை உள்ள கூப்பிட்ட கணக்கும் இதுதான்.

மதிய வெயில்ல நிறுத்தணும்னு யாரும் சொல்லலை. சித்திரை மாசத்துல 12 மணிக்குப் பிள்ளையை வெளிய அனுப்பினா நம்மளைத்தான் டாக்டர் திட்டுவார். காலை 8 மணி வெளிச்சம் போதும், சாயந்திரம் 4.30 வெளிச்சம் போதும், மரநிழல் போதும், தொப்பி போட்டிருந்தாலும் போதும். சூரியனை நேராப் பார்க்க மட்டும் விடக்கூடாது.

ஒரே மூச்சுல 2 மணி நேரம் தேவையில்லை. ஸ்கூலுக்கு நடந்து போக முடிஞ்சா 15 நிமிஷம். லன்ச் வெளியில சாப்பிட்டா 20 நிமிஷம். சாயந்திரம் ஒரு மணி நேரம். ஞாயித்துக்கிழமை பீச். சேர்த்துச் சேர்த்து வந்திடும். பால்கனி, மொட்டை மாடி எல்லாம் கணக்குல வரும், மாடியில பெரியவங்க யாராவது கூட இருக்கணும், அவ்வளவுதான்.

இடம்தான் கஷ்டம். பல பூங்காக்கள் மதியம் பூட்டிக் கிடக்கும். அபார்ட்மென்ட்ல கார் கண்ணாடி உடையும்னு பயம். அந்தப் பயம் நியாயமானது, ஆனா கார் கண்ணாடியை மாத்தலாம். அசோசியேஷன் மீட்டிங்ல இதை ஒருத்தர் எழுந்து சொல்லணும். நமக்குக் குழந்தை இல்லையேன்னு நாம அந்த மீட்டிங்குக்கே போறதில்லை. இதைக் கேட்கிற உங்கள்ல நிறையப் பேர் சித்தப்பா, அத்தை, மாமா, அண்ணன். சாயந்திரம் ஒரு மணி நேரம் கீழ நின்னு பார்த்துக்க ஒரு பெரியவங்க இருந்தா, நாலு வீட்டுப் பிள்ளைகள் இறங்கி வருவாங்க. வேலைக்குப் போற அம்மாக்களுக்குப் பெரும்பாலும் இல்லாமப் போறது அந்த ஒரு ஆள்தான்.

உள்ள இருக்கிற நேரத்துக்கும் ஒரு எளிய கணக்கு இருக்கு. தைவான்ல பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்றது: 30 நிமிஷம் பக்கத்துல பார்த்தா, 10 நிமிஷம் கண்ணுக்கு ஓய்வு. அது போனா இருந்தாலும் சரி, புத்தகமா இருந்தாலும் சரி. 1 வயசு வரைக்கும் ஸ்கிரீனே வேண்டாம், 2-ல இருந்து 4 வயசு வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னது.

ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கு?

இங்கதான் அக்காகிட்ட நான் கொஞ்சம் தயங்கினேன். ஏன்னா வெளி நேரம் நல்லா வேலை செய்யறது கிட்டப்பார்வை *வர்றதுக்கு முன்னாடி*. வந்ததுக்கு அப்புறம், பவர் ஏறுறதை அது எவ்வளவு தடுக்கும்ங்கிறதுக்கு ஆதாரம் அவ்வளவு பலமா இல்லை. இறங்கவே இறங்காது. நீண்ட கண் சுருங்காது.

அதனால பாப்பா வெளியில விளையாடட்டும், அது எப்படியும் நல்லது. ஆனா கூடவே கண் டாக்டர்கிட்ட, "பவர் ஏறுறதைக் குறைக்க என்ன வழி?"ன்னு நேரடியாக் கேளுங்க. குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து, பிள்ளைகளுக்குன்னே வடிவமைச்ச கண்ணாடி லென்ஸ்கள் எல்லாம் இப்ப இருக்கு. யாருக்கு எதுன்னு டாக்டர்தான் சொல்லணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப் போங்க. கண்ணாடியைக் கழட்டிக் கழட்டி வெச்சா பவர் இறங்கும், குறைஞ்ச பவர் போட்டா ஏறாது, இதெல்லாம் தப்பு. சரியான பவரைப் போட்டுக்கிறதுதான் நல்லது.

இன்னும் கண்ணாடி போடாத பிள்ளைகள் வீட்டுல இருந்தா கவனிங்க. கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறது, டிவி கிட்டப் போய் நிக்கிறது, போர்டைப் பார்க்காம பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதுறது. குழந்தை தானா வந்து மங்கலாத் தெரியுதுன்னு சொல்லாது. உலகமே அப்படித்தான் இருக்கும்னு அது நினைச்சுக்கும். எனக்குக் கண்ணாடி போட்ட அன்னைக்குத்தான் தூரத்து மரத்துல இலை இலையாத் தெரியும்னு எனக்கே தெரிஞ்சது.

இதையெல்லாம் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, "அப்ப பாப்பாவுக்கு லேட் ஆயிடுச்சா?"ன்னு கேட்டாங்க.

"கொஞ்சம் லேட்தான்க்கா. டாக்டரைப் பார்த்தா மிச்சத்தைக் காப்பாத்தலாம்"னேன். "ஆனா தம்பிக்கு இன்னும் வரலையே."

தம்பிக்கு வயசு 5. இன்னும் கண்ணாடி இல்லை. அடுத்த மூணு, நாலு வருஷம்தான் அவனுக்கு முக்கியம்.

இப்ப இந்தி கிளாஸ் 6 மணிக்கு மாறியிருக்கு. 4.30-க்கு ரெண்டு பேரும் கீழ இறங்குறாங்க. பந்துக்கு இன்னும் அனுமதி கிடைக்கலை. அதனால நொண்டியும் ஓடிப்பிடிச்சும்தான் நடக்குது. வாட்ச்மேன் அண்ணாதான் அம்பயர். செவ்வாயும் வியாழனும் கீழ நிக்கிற பெரியவர் நான். போன வியாழக்கிழமை ஏழு பிள்ளைகள் இருந்தாங்க. அதுல மூணு பேர் முகத்துல கண்ணாடி.

உங்க வீட்டுப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் வானத்துக்குக் கீழ இருக்குன்னு இன்னைக்கு ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.